முட்டைக்கோஸுக்கு முன்னால் ஒரு பூண்டு

வேலுத்தாய்க்குத் தன் ஓரகத்தி கனகமணி மேல் இருந்த பொறாமை, மலை அந்த ஊர்க்காரர்களின் உடம்புக்குள் வந்து குடியேறுவதற்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது. மாமனார் நிலத்தைப் பங்கு பிரித்தபோது மேல் அடுக்கு இளையவனுக்கும் கீழ் அடுக்கு மூத்தவனுக்கும் விழுந்தது. மேல் அடுக்கில் வெயில் முதலில் இறங்கும், பனி முதலில் விலகும், பூண்டு ஒரு சுற்றுப் பெருத்தே விளையும். அங்கே வடிந்த மிச்சத் தண்ணீர்தான் தன் பாத்திக்கு வருகிறது என்று நினைத்தாலே வேலுத்தாய்க்கு அது எச்சில் தண்ணீராகப் படும். கனகமணி நல்லவளாக வேறு இருந்து தொலைத்தாள். சண்டைக்கு இழுத்தால் வரமாட்டாள், திட்டினால் தலையைக் குனிந்துகொள்வாள், குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவாள். குழம்பும் நன்றாக இருக்கும். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்னதான் செய்வாள், நீங்களே சொல்லுங்கள்.

ஊருக்குத் தூவானப்பட்டி என்று பெயர். கொடைக்கானல் மேல்மலையில், மேகம் கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வந்து, அடுப்படி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஊர்களில் அதுவும் ஒன்று. ஒரு வருஷம் பக்கத்து மலை சரிந்து ஒரு தோட்டமே ஓடைக்குள் போன பிறகு, சமவெளியிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஜீப்பில் வந்து, ஒவ்வொரு நிலத்திலும் ஒரு கம்பு நட்டு, கம்பின் தலையில் டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டியை மாட்டி, அதிலிருந்து ஒரு வயரை மண்ணுக்குள் புதைத்துவிட்டு, டீக்கடை வாசலில் ஊரைக் கூட்டி விளக்கினார்கள். மண் அசைந்தால் பெட்டிக்குத் தெரியும். ஆனால் ஒரு பெட்டி சொல்வதை மட்டும் நம்பக்கூடாது, மாடு முதுகைச் சொறிந்தாலும் மலை அசைகிறது என்றுதான் அது சொல்லும். பல பெட்டிகள் சொல்வதைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும். ஒரு பெட்டியின் குரல் பக்கத்து மேட்டைக்கூடத் தாண்டாது, அவ்வளவு சின்னக் குரல். எல்லாப் பெட்டிகளும் ஒரே இமைப்பில் ஒரே சொல்லைச் சொன்னால் குரலோடு குரல் சேர்ந்து பெருத்து, கீழே டவுனில் இருக்கும் சிக்னல் கோபுரம் வரைக்கும் போய்ச் சேரும்.

“நம்ம பஞ்சாயத்து மாதிரியில்ல இருக்கு” என்றார் டீக்கடைச் சடையாண்டி.

“பஞ்சாயத்துல என்னைக்குடா எல்லாரும் ஒரே சொல்லச் சொல்லியிருக்கோம்” என்றார் மண்ணாடி. அந்தப் பக்கத்தில் ஊர்ப் பெரியதனக்காரரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பிள்ளைகள் படிப்பை முடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். பெட்டிகளைப் பார்க்க அப்புறம் யாரும் வரவில்லை. குளவி கூடு கட்டியது, பாசி ஏறியது, பேட்டரி செத்தது. ஐப்பசியில் ஒரு மழை விடாமல் ஊற்றி ஓய்ந்த மறுநாள் காலையில், பெட்டிகள் செய்துகொண்டிருந்த வேலை நிலத்துக்குச் சொந்தக்காரர்களின் உடம்புக்கு மாறியிருந்தது. எப்படி மாறியது என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அடிச்சுவரில் பட்ட ஈரம் மேலே ஏறாதா என்ன, அப்படி ஏறியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். யாருக்கு எங்கே ஏறியது என்பதுதான் பேச்சாக இருந்தது. சடையாண்டி நிலத்து மண் அசைந்தால் அவருடைய இடது காது மடல் சுடும். மண்ணாடி நிலத்து மண் அசைந்தால் அவருடைய தங்கப்பல் புளிக்கும். கறிக்கடைக்காரருக்கு மீசையில் ஒரு பக்கம் மட்டும் விறைக்கும், சத்துணவு டீச்சருக்கு உள்ளங்கால் குறுகுறுக்கும். கனகமணிக்கு, அவள் பிறந்த வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த இரண்டு வெள்ளி வளையல்களும் கை அசையாமலே தாமாக ஒலிக்கும். பூசைக்கு அடிக்கிற சின்ன மணியைப் போல அவ்வளவு இனிமையாக இருக்கும்.

வேலுத்தாய்க்கு விக்கல் வந்தது.

விக்கலென்றால் மரியாதையான விக்கலும் இல்லை. நான்கு வீடு தள்ளி இருக்கிற நாய் எழுந்து பார்க்கும் விக்கல். அது வந்துவிட்டால் போதும், ஊரே அவளைச் சுற்றிக் கூடிவிடும். ஒருத்தி செம்பில் தண்ணீர் கொடுப்பாள், ஒருத்தி முதுகைத் தட்டுவாள், சடையாண்டி கடையிலிருந்து ஒரு பிடி சர்க்கரை அள்ளிக்கொண்டு ஓடி வருவார். வேலுத்தாய் வாய்க்கு வந்தபடி வைவாள், வசவின் நடுவிலேயே விக்கல் வரும், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அதே நேரம் மேலே கனகமணியின் வளையல் ஒலித்தால், போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் நகர்ந்து போவார்கள். வேலுத்தாய் இதைப் பார்ப்பாள். பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரியும்.

ஊர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. டீக்கடை வாசலில் ஒரு பெரிய மூங்கில் கூடையை வைத்து, உள்ளே பாதிக்குக் கொஞ்சம் மேலே சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார்கள். யாருக்கு அடையாளம் தெரிகிறதோ அவர்கள் வந்து கூடையில் ஓர் உருளைக்கிழங்கைப் போட வேண்டும். கிழங்கு கோட்டைத் தொட்டால் மலை அசைகிறது என்று அர்த்தம், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கும் பாறைமேட்டுக்குப் போய்விட வேண்டும். தொடாவிட்டால் மாடோ பன்றியோ யாருடைய நிலத்திலோ நடக்கிறது, அவரவர் சோலியைப் பார்க்கலாம். நாள் போகப்போக யாருடைய அடையாளத்தை எவ்வளவு நம்பலாம் என்பதும் ஊருக்குப் பிடிபட்டது. கனகமணியின் வளையல் ஒரு தடவைகூடப் பொய்க்கவில்லை. அவள் நிலம்தான் மேலே, மலையின் முதல் அசைவு அங்கேதான் தெரியும். அதனால் அவள் கிழங்கு போட வேண்டாம், ஒரு முழு முட்டைக்கோஸ் போடட்டும் என்று முடிவானது.

“அப்ப எனக்கு?” என்று கேட்டாள் வேலுத்தாய்.

மண்ணாடி தாடியைச் சொறிந்தார். “விக்கலு எதுக்கு வேணாலும் வரும் தாயி. காரம் தின்னா வரும், அவசரமா முழுங்குனா வரும், யாராச்சும் நெனச்சா வரும். வளையலு அப்பிடியா?”

“என்னைய யாரு நெனைக்கப் போறா?”

“அதாம், ஒரு நிதானத்துக்குச் சொல்றேன். நீ கிழங்கு போட வேணாம். ஒரு பூண்டு போடு.”

ஒரு பூண்டு. கூடையில் விழுந்தால் சத்தம்கூடக் கேட்காது. அவள் போட்ட பூண்டின் மேல் கனகமணியின் முட்டைக்கோஸ் தொம்மென்று வந்து விழும்போது, அது தன் தலைமேலேயே விழுவதாக வேலுத்தாய்க்கு இருந்தது. அன்றிலிருந்து அவள் வீட்டில் முட்டைக்கோஸ் சமைப்பதே இல்லை.

டவுனுக்குச் சேதி சொல்வதற்கும் பெட்டிகளின் வழிதான். மழை பிடித்துக்கொண்டால் செல்போனில் கோடு ஒன்றுகூட நிற்காது. பாறைமேட்டில் எல்லாரும் வரிசையாக நின்று, ஒரே மூச்சில், ஒரே இமைப்பில் “ஓ” என்று ஒரு குரல் கொடுத்தால், அந்தக் குரல் முப்பது கிலோமீட்டர் மலைப்பாதையை இறங்கி, டவுன் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களின் காதுக்குப் பக்கத்தில் வந்து பேசும். ரோட்டில் மரம் விழுந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சி வலியெடுத்துக் கிடந்த அன்று அப்படிக் கூப்பிட்டுத்தான் ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் ஒரு சங்கடம் உண்டு. ஒருவர் குரல் ஏறும்போது இன்னொருவர் குரல் இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், ஊரே தொண்டை கிழியக் கத்தினாலும் ஓடையைத் தாண்டாது. வேலுத்தாய் எப்போதும் கனகமணியை முந்திக்கொண்டு ஒரு கணம் முன்பே தொடங்குவாள், அதனால் மூன்று நான்கு தடவை கத்தினால்தான் ஒரு தடவை போய்ச் சேரும். பக்கத்தில் நின்று மூச்சைக் கவனிக்கிற கனகமணிக்கு இது தெரியும். அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பொறாமைக்குப் பொறுமை அதிகம். அடுத்த வருஷம் கார்த்திகையில் ஒரு நாள் அதற்கு வேளை வந்தது. வளையல் ஒலித்தது. கனகமணி வந்து முட்டைக்கோஸைப் போட்டாள். அதைப் பார்த்து ஆளாளுக்குக் கிழங்கும் போட, கோட்டைத் தொட்டுவிட்டது. ஊர் பாறைமேட்டுக்குப் போய்ப் பகல் முழுக்கச் சாரலில் நின்றது. மலை அசையவே இல்லை. காட்டுமாட்டுக் கூட்டம் ஒன்று கனகமணியின் பாத்தியில் மேய்ந்துவிட்டுப் போயிருந்தது. வீட்டுக்குத் திரும்பினால் மூட்டை கட்டாமல் விட்ட பூண்டெல்லாம் நனைந்து கிடந்தது. அதைச் சந்தைக்குக் கொண்டு போனால் எவன் கையால் தொடுவான்?

மறுநாள் குழாயடியில் வேலுத்தாய் குடத்தை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். “கைய ஆட்டுனா வளையலு ஆடாதா? எனக்கும் கை இருக்கு, நானும் ஆட்டட்டுமா?”

அவ்வளவுதான் சொன்னாள். குழாயடியில் சொன்னதற்குக் கால் முளைக்க எத்தனை நேரம் ஆகும்? சாயங்காலத்துக்குள் கனகமணி கையை ஆட்டுகிறவளாகிவிட்டாள். அதற்கடுத்த நாள் வேண்டுமென்றே ஆட்டுகிறவளாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடி, வளையல் கொஞ்ச காலம் காளியம்மன் கையில் இருக்கட்டும், பொய்யென்றால் அம்மனுக்குத் தெரிந்துவிடும் என்று தீர்ப்புச் சொன்னது. கனகமணி சோப்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, கழற்றி, முந்தானையில் துடைத்துப் பூசாரியிடம் கொடுத்தாள். மணிக்கட்டில் வளையல் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. வேலுத்தாய் அன்றைக்குப் பாயசம் வைத்தாள். மண்ணாடி அவளுக்கு ஒரு பதவி உயர்வும் கொடுத்தார், இனி பூண்டுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு போடலாம். அவள் நல்லதாக ஒரு கிழங்கைத் தேர்ந்தெடுத்து, கழுவித் துடைத்து, அடுப்படி மாடத்தில் தயாராக வைத்துக்கொண்டாள்.

கிழங்குக்கு வேலை வந்தது மார்கழி பிறக்கும் முன்பே. மூன்று நாளாக மழை. இரண்டு பேரின் புருஷன்மாரும் லாரியில் பூண்டு ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது வேலுத்தாய்க்கு விக்கல் வந்தது. வழக்கமான விக்கல் தொண்டையில் பிறக்கும், இது அடிவயிற்றிலிருந்து வந்தது. தண்ணீர் குடித்தாள், மூச்சைப் பிடித்தாள், நிற்கவில்லை. ஒவ்வொரு விக்கலுக்கும் கால் தரையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பியது. கிழங்கை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினாள்.

“சடையாண்டி அண்ணே, மலை... க்... மலை வருது!”

சடையாண்டி சர்க்கரை டப்பாவைத் திறந்தார்.

“சக்கர கெடக்கட்டும்! உங்களுக்குக் காது சுடலையா?”

“லேசாச் சுடுது. அடுப்புப் பக்கத்துல நிக்கிறேன்ல, அந்தச் சூடா இருக்கும்.”

மண்ணாடிக்குப் பல் கொஞ்சம் புளித்தது. காலையில் குடித்த மோர் என்று நினைத்திருந்தார். கறிக்கடைக்காரர் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார், ஈரத்துக்கு அப்படித்தான் இருக்கும் என்றார். டீச்சருக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது, புதுச் செருப்பு. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது, யாருக்கும் எழுந்து போய்க் கிழங்கு எடுத்து வருகிற அளவுக்கு இல்லை. கூடையில் வேலுத்தாயின் கிழங்கு மட்டும் கிடந்தது. அவள் வைதாள், விக்கினாள், அவர்கள் சிரித்தார்கள்.

சிரிப்பின் நடுவில் நின்றுகொண்டு வேலுத்தாய் கூடையைப் பார்த்தாள். முட்டைக்கோஸ் ஒன்று அதில் விழுந்திருந்தால் இந்தச் சிரிப்பு நின்றிருக்கும். சடையாண்டியின் காதுக்குத் தைரியம் வந்திருக்கும், மண்ணாடியின் பல் மோரின் மேல் பழி போடாது, ஒவ்வொருவராக எழுந்து போய்க் கிழங்கைக் கொண்டு வந்திருப்பார்கள். அந்த முட்டைக்கோஸைத் தள்ளிவிட்டது யார்? அப்போது அவளுக்குள் ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. வேலுத்தாயின் வீடு ஓடைக்கு அந்தப்பக்கம், பாறையின் மேல். மலை வந்தால் கனகமணியின் வீட்டின் மேல்தான் முதலில் வரும், அதற்கப்புறம் கீழத்தெரு. நான் சொல்லத்தான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு விக்கலுக்கும் அடுத்த விக்கலுக்கும் நடுவில் அந்த நினைப்பு வந்து உட்கார்ந்தது. அடுத்த விக்கல் வந்தபோது, அதை வைத்துக்கொண்டு நின்றிருந்த தன்னையே வாய்க்கு வந்தபடி வைதுகொண்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள்.

அம்மன் கையிலிருந்து வளையலைக் கழற்றும்போது ஒன்று மட்டும் வேண்டிக்கொண்டாள், அவள் முன்னால் என்னை அழ வைத்துவிடாதே தாயே என்று. ஓரகத்தி வீட்டு மேட்டில் ஏறினாள். கனகமணி அடுப்புப் புகைக்கு மேலே பரணில் பூண்டுக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எறங்குடி. கையக் குடு.”

“எதுக்குக்கா?” இறங்கி வந்தவள் வளையலைப் பார்த்துவிட்டாள். “அம்மன் கையில இருந்து கழட்டிட்டீங்களா?”

“அம்மன் ஒண்ணும் சொல்லல, நீ என்னா சொல்றது... க்... குடுடீங்கிறேன்!”

குளிரில் கை வீங்கியிருந்தது, விரல் முட்டியைத் தாண்டி வளையல் இறங்கவில்லை. வேலுத்தாய் அடுப்படியில் கைக்கு அகப்பட்ட விளக்கெண்ணெயை ஊற்றி, அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பிசைந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கையை அவள் தொட்டதே இல்லை. அவளுடையதைப் போலவே அதுவும் மண்வெட்டி பிடித்துக் காய்த்திருந்தது. வளையல் முட்டியைத் தாண்டும் முன்பே, பாதி வழியிலேயே ஒலிக்கத் தொடங்கிவிட்டது. இனிமையெல்லாம் இல்லை. வெண்கலப் பானையைக் கரண்டியால் அடிப்பது போல விடாமல் அடித்தது. இரண்டு பேரும் மேட்டிலிருந்து உருளாத குறையாக ஓடி வந்தார்கள்.

டீக்கடையில் சத்தத்தைக் கேட்டதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மண்ணாடி ஒழுங்கு தெரிந்தவர். “கோஸு எங்க? கோஸப் போட்டாத்தான கணக்கு?” என்றார்.

கோஸெல்லாம் போன வாரமே அறுத்து லாரி ஏற்றியாகிவிட்டது. ஆளாளுக்குக் கோஸைத் தேடினார்கள். டீச்சர் சத்துணவுக் கூடத்துக்கு ஓடினார். வேலுத்தாய் பார்த்தாள், பொறுக்கவில்லை. சேலையைச் சுருட்டிக்கொண்டு தானே கூடைக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

“இப்ப... க்... நெறஞ்சிருச்சா உங்க கோடு? எந்திரிங்கடா!”

அதற்குமேல் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஊர் ஓடையைத் தாண்டியது, ஆடு மாட்டோடு, கைப்பிள்ளையோடு. பாறைமேட்டில் வரிசையாக நின்றார்கள். வேலுத்தாய்க்குப் பக்கத்தில் கனகமணி. முந்திக்கொள்ள வேண்டும் என்று நாக்கு துடித்தது, அது பழகிய நாக்கு. அவள் அதைக் கடித்துக்கொண்டு ஓரகத்தியின் மூச்சைக் கேட்டாள். மூச்சு உள்ளே போனது, இவளுடையதும் போனது. அது நின்ற இடத்தில் இவளுடையதும் நின்றது, விக்கலும்கூட மரியாதையாக ஒதுங்கி நின்றது. “ஓ” என்று ஊர் கொடுத்த குரல் ஒற்றைக் குரலாகி, மழையைக் கிழித்துக்கொண்டு இறங்கி, டவுனில் பஸ்ஸுக்கு நின்றவர்களையும் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவரையும் ஆபீஸில் கோப்புக்குள் தலையை விட்டிருந்த அதிகாரியையும் தோளில் தொட்டுக் கூப்பிட்டது. இருட்டும் முன் லாரிகளும் பஸ்களும் மேலே கிளம்பிவிட்டன. அவை பாதி வழி வருவதற்குள் மலை இறங்கியது. அவசரமே இல்லாமல், சந்தை முடிந்து வீடு திரும்புகிற மனுஷனைப் போல நடந்து வந்து, மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் ஒன்றாகச் சுருட்டி, கனகமணியின் வீட்டையும் கீழத்தெருவையும் எடுத்துக்கொண்டு ஓடைக்குள் படுத்துக்கொண்டது. ஓர் ஆள்கூடப் போகவில்லை.

டவுன் பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் தங்க வைத்தார்கள். காலையில் அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். ஊர் முழுக்கக் கனகமணியின் கையைப் பார்த்தது.

“எங்க அக்காவுக்குத்தான் சார் மொதல்ல தெரிஞ்சுது” என்றாள் கனகமணி. “அவங்க வந்து என் கையில வளையல மாட்டி விடலேன்னா நான் அந்தப் பரணுக்குக் கீழயே கெடந்திருப்பேன்.”

சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. வேலுத்தாய் இத்தனை வருஷமாக ஏங்கிய முதலிடம், அதிகாரியின் பேனா வழியாக அவளுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. கைதட்டினார்கள். அவளுக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. அதையும் அவள் வாயால் வாங்க வேண்டியதாயிற்றே, கொடுத்த பெருமை அவளுக்குப் போயிற்றே! உப்புமாத் தட்டை வாங்கிக்கொண்டு, வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்த கனகமணியின் எதிரில் போய் நின்றாள்.

“ஏன்டி, உனக்கு எம்மேல கோவமே வராதா? வளையலக் கழட்ட வச்சவ நானு. ஊரு முன்னால உன்னையத் தலகுனிய வச்சவ நானு. அப்பறமும் அக்கா அக்கான்னு தூக்கிக் குடுக்குறியே, அது என்னா பெரிய மனசு? அந்தப் பெரிய மனசப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.”

கனகமணி தலையைத் தூக்கினாள். அந்த முகத்தில் வேலுத்தாய் இதுவரை பார்த்திராத ஒரு கடுகடுப்பு இருந்தது.

“பெரிய மனசா? உங்களப் பாத்து எனக்கு எத்தன நாளு வயிறு எரிஞ்சிருக்கு தெரியுமாக்கா? உங்களுக்கு விக்கலு வந்தா ஊரே கூடுது. ஒருத்தி தண்ணி குடுக்குறா, ஒருத்தி முதுகத் தட்டுறா, சடையாண்டி அண்ணன் சக்கரையத் தூக்கிட்டு ஓடியாராரு. நீங்க வையிறீங்க, அவுங்க சிரிக்கிறாங்க, இன்னும் வையிறீங்க, இன்னும் சிரிக்கிறாங்க. எங்கிட்ட வந்தா செருப்பக் கழட்டிக் கும்புட்டுட்டுப் போயிர்றாங்க. சாப்பிட்டியாடின்னு ஒருத்தரு கேட்டதில்ல. நான் என்னா செலையா? வளையலக் கழட்டச் சொன்னப்ப உள்ளுக்குள்ள சந்தோசமாத்தான் இருந்துச்சு, இனிமேயாச்சும் ஒருத்தராவது எங்கூட உக்காந்து பேசுவாங்கன்னு. ஒருத்தரும் வரல. உங்க வீட்டுல இருந்து பாயச வாசம்தான் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி பூரா உங்களத் திட்டித் தீத்தேன், வாயால சொல்ல முடியாத திட்டு.”

வேலுத்தாய் ஓரகத்திக்குப் பக்கத்தில், தோள் இடிக்கிற மாதிரி நெருங்கி உட்கார்ந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் ஊறி வந்த சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“எங்க, மொதல்லருந்து இன்னொரு தடவ சொல்லு” என்றாள். “அந்தத் திட்டையும் விடாமச் சொல்லணும்.”